டென்ஸ் அட்டவணை தலைகீழாக ஒப்பிக்கிறாள், எழுதினால் தப்பு

கேள்வி: மகள் ஆறாம் வகுப்பு. பன்னிரண்டு டென்ஸையும் கடகடவென்று ஒப்பிக்கிறாள். ஏற்காடு போய்வந்ததை எழுதச் சொன்னால், 'வீ ஹேட் கான் டு ஏற்காடு எஸ்டர்டே. வீ டிட் நாட் சா தி லேக்' என்கிறாள். எங்கிருந்து ஆரம்பிப்பது? (ஒரு தாய், அம்மாப்பேட்டை, சேலம்)

பதில்: முதலில் அந்த அட்டவணையை மூடி வையுங்கள். இரண்டு வாக்கியமும் தப்புதான், ஆனால் கவனக்குறைவால் வந்த தப்பு இல்லை.

'நேத்து ஏற்காடு போயிருந்தோம்' என்றுதானே நாம் பேசுகிறோம்? அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டால் 'ஹேட் கான்' வந்து நிற்கும். ஆங்கிலத்தில் ஹேட் செய்யும் வேலை வேறு. முன்பு நடந்த இரண்டு காரியங்களில் எது முந்தியது என்று காட்டத்தான் அது வரும்: 'வென் வீ ரீச்ட் தி ஸ்டாண்ட், தி பஸ் ஹேட் லெஃப்ட்.' நாம் போய்ச் சேருமுன்பே பஸ் கிளம்பிவிட்டது. நேற்று, போன வாரம், மே மாதம் என்று நேரத்தைச் சொல்லி ஒரே ஒரு காரியத்தைச் சொன்னால் வெறும் 'வென்ட்' போதும். எப்போது என்று சொல்லாமல், போன அனுபவம் உண்டு என்று மட்டும் சொல்ல 'ஐ ஹேவ் பீன் டு ஏற்காடு'. இந்த ஹேவ் பக்கத்தில் எஸ்டர்டே வரவே கூடாது.

அடுத்தது 'டிட் நாட் சா'. இங்கே தமிழ் கை கொடுக்காது. 'பார்க்கவில்லை' என்பது நேற்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி. ஆங்கிலத்தில் டோன்ட், டிடின்ட் என்று பிரிக்க வேண்டும். அப்படி டிட் வந்துவிட்டால் காலம் அதிலேயே ஏறிவிட்டது; பின்னால் வருவது மாறாத 'சீ'. குடும்பமாகப் பஸ் ஏறும்போது முன்னால் போனவர் எல்லோருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டார், பின்னால் வருபவர் எடுக்க வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், சட்டென்று பிடித்துக்கொள்வாள். டஸ் வந்தாலும் இதே கதைதான்: 'ஷி டஸ் நாட் கோ'. கேள்வி கேட்டாலும் 'டிட் யூ சீ'.

சரி, எந்த வரிசையில் சொல்லித்தருவது? நான்கு போதும்: தினம் நடப்பது, இப்போது நடந்துகொண்டிருப்பது, நடந்து முடிந்தது, வில் போட்டு இனி நடக்கப்போவது. முதல் இரண்டில்தான் நிறைய நேரம் செலவிட வேண்டும், ஏனென்றால் 'போகிறது' என்று நாம் இரண்டுக்குமே சொல்வோம். 'தி பஸ் கோஸ் டு ஏற்காடு எவ்ரி டே' என்பது வழக்கம். அதே பஸ் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் இப்போது திரும்பிக்கொண்டிருந்தால் 'தி பஸ் இஸ் கோயிங் அப்'. இஸ், ஆம், ஆர் போட்டுச் செயலைச் சொன்னால் இங் கட்டாயம். 'ஐ ஆம் கோ' என்று ஒன்று கிடையாது. வில் அரைநாள் பாடம்.

அப்புறம், வென்ட், சா, கேம், ஏட், டுக், பாட் மாதிரி தினசரிச் சொற்களின் இறந்தகால வடிவங்களை மனப்பாடம்தான் செய்யவேண்டும், குறுக்குவழி இல்லை. பீ என்ற வினைச்சொல் ஒன்றுக்கே எட்டு வடிவம். ஆம், இஸ், ஆர், வாஸ், வேர் ஐந்தையும் முதலில் பழக்குங்கள்.

ராத்திரி சாப்பிட்டதும் அன்று நடந்ததைப் பற்றி மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். அதில் ஒரு வரி 'இல்லை' என்ற பொருளில் வரவேண்டும், ஒன்று கேள்வியாக இருக்கவேண்டும். டிட் வரும் இடத்தில் மட்டும் பென்சிலால் கோடு போடுங்கள். மற்ற தப்புகளை இப்போதைக்கு விட்டுவிடலாம். பள்ளியில் பன்னிரண்டு கட்டத்தையும் கேட்டால் பரீட்சைக்கு முந்தின வாரம் ஒரு தடவை புரட்டிக்கொள்ளட்டும்.