கனடா ராணுவ வண்டிகளின் பழைய நம்பர் பிளேட்: கேட்டதும் சொன்னதும்

பழைய கனடிய ராணுவ வண்டிகளின் எண்களைப் பற்றி ஒரு நாள் முழுக்கக் கேள்வி கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதி ஒரே கேள்விதான். முதலில் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: 1944இல் டி-டே படையிறக்கத்தின்போது பிரான்சின் ஜூனோ கடற்கரையில் இறங்கிய கனடிய லாரியின் நம்பர் பிளேட் என்று ஏலத்துக்கு ஒன்று வருகிறது. எழுத்துகள் புடைப்பாக அச்சாகியிருக்கின்றன. வாங்கலாமா ஐயா?

பதில்: வேண்டாம். ஐரோப்பாவுக்குப் போன கனடிய வண்டிகளில் எண்ணை பானெட்டின் இருபக்கமும் அல்லது கதவிலும் நேராகப் பெயின்டால் எழுதினார்கள். மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் டேங்க்கில் இருக்கும். கழற்றி எடுத்துவரத் தனியாகத் தகடு ஏது?

எண்ணைப் படிக்கும் முறை எளிது. பிரிட்டிஷ் ராணுவம் வண்டி வகைக்கு வைத்த எழுத்துக்கு முன்னால் கனடாவுக்காக ஒரு 'சி' சேர்த்துக்கொண்டார்கள். சி-இசட் என்றால் 15 அந்தர் (சுமார் 760 கிலோ) வரை ஏற்றும் சிறிய டிரக். அதற்கு மேற்பட்ட லாரிக்கு சி-எல். கார் என்றால் சி-எம். டாங்கிக்கும், பிரென் கேரியர் என்ற சங்கிலிச்சக்கரச் சிறு கவச வண்டிக்கும் சி-டி. பீரங்கி இழுக்கும் வண்டி சி-எச், இழுவைப் பெட்டி சி-எக்ஸ். மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு 'சி' வரும். எழுதியவன் தடுமாறிவிட்டான் என்று நினைக்காதீர்கள். எழுத்துகளுக்குப் பின்னால் பெரும்பாலும் ஆறு அல்லது ஏழு இலக்கம்.

கேள்வி: என்னிடம் உள்ள தகட்டில் மேல்நோக்கிய அம்புக்குறி இருக்கிறது. கனடாதானே?

பதில்: அம்பு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 'சி' எழுத்தின் வயிற்றுக்குள் நின்றால் அது கனடிய அரசுச் சொத்தின் முத்திரை. துப்பாக்கி, பெட்டி, ஸ்பேனர் என்று எதிலும் அதைப் பார்க்கலாம். அது மட்டும் இருந்தால் வண்டியின் தகடு என்று ஆகிவிடாது. அம்பு தனியாக நின்று, பக்கத்தில் இரண்டு இலக்க ஆண்டு, ஓர் எழுத்து, எண்கள், கடைசியில் இன்னோர் எழுத்து என்று போனால் அது இந்திய ராணுவத் தகடு. கனடாவில் செய்த லாரிகள் இந்திய ராணுவத்திலும் ஓடின. ஃபோர்டின் கனடியச் சட்டகத்தின்மேல் இந்தியாவில் கவச வண்டியே கட்டினார்கள். ஆகவே கனடிய லாரிக்கு இந்திய எண் இருந்தால் திடுக்கிட வேண்டாம்.

கேள்வி: முன்பக்கம் மஞ்சள் வட்டத்தில் கறுப்பு எண். எந்தப் படைப்பிரிவு?

பதில்: படைப்பிரிவு இல்லை. பாலம் தாங்குமா என்று பார்ப்பதற்கான எடை வகுப்பு.

கேள்வி: இது எவ்வளவுக்குப் போகும்?

பதில்: விலை சொல்வதில்லை.

கேள்வி: ஜீப்பிலிருந்து வெட்டியெடுத்த தகரத்துண்டு ஒன்று கிடைத்தது. 'சி.எஃப்.ஆர். 67' என்று தொடங்குகிறது. இது என்ன?

பதில்: சி.எஃப்.ஆர். என்பது கனடியப் படைகளின் பதிவு. 67 என்பது ஆண்டு. நல்ல துண்டு.

இடையில் ஒருவர்: போலி! தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் ஒன்றானது 1968 பிப்ரவரி 1இல். 67இல் அந்தப் பெயரில் பதிவு எங்கிருந்து வந்தது?

பதில்: தேதி சரி, தீர்ப்புதான் தவறு. 1967இல் வாங்கிய ஜீப் 1968இல் ஆவியாகிவிடவில்லை. பழைய எண் அப்படியே இருந்தது, முன்னால் புதிய எழுத்துகள் ஏறின.

அதே நபர்: அப்படியானால் 67 என்பது பிளேட் அடித்த ஆண்டு இல்லையா? என் ஒன்ராறியோ மாகாணத் தகடுகள் எல்லாவற்றிலும் அதுதானே கணக்கு?

பதில்: இங்கேதான் எல்லோரும் விழுகிறார்கள். ஒன்ராறியோவில் 1973இல் பல ஆண்டுத் தகடு வரும்வரை வழக்கமாக ஆண்டுக்கொரு தகடு. அதிலுள்ள ஆண்டு தகட்டின் வயது. ராணுவ எண் வண்டிக்கு உரியது. தகடு நசுங்கி 1975இல் புதிதாக அடித்திருந்தாலும் அதே 67தான் வரும். அது வண்டி வாங்கிய கணக்கு. தொழிற்சாலைத் தேதி வேண்டுமென்றால் டேஷ்போர்டில் அறைந்திருக்கும் தகவல் தகட்டைப் படியுங்கள்.

இன்னொருவர்: அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது அண்ணா.

பதில்: இல்லை. அடுத்த கேள்வி.

கேள்வி: தகட்டில் துரு. கம்பித் தூரிகையால் தேய்த்துப் புதுப் பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: கம்பித் தூரிகையைக் கீழே வையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, பழைய பல் துலக்கும் பிரஷ், அவ்வளவு போதும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும், தேய்த்த தூசி உங்கள் நுரையீரலுக்குத்தான் போகும். புதுப் பெயின்ட் அடித்த தகட்டை நான் வாங்குவதில்லை.

கேள்வி: ஜூனோவில் இறங்கிய வண்டியின் பிளேட்…

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: ராணுவத் தகட்டை என் காரில் மாட்டி ஓட்டலாமா?

பதில்: சுவரில் மாட்டுங்கள். சாலைக்கு உங்கள் மாகாணத் தகடு இருக்கிறது.

கேள்வி: டி-டே பிளேட், ஆனால் என்னுடையது அலுமினியம்.

பதில்: மேலே.

கேள்வி: தகடு இல்லை, மன்னிக்கவும். ஒன்ராறியோவின் பெர்த் பக்கம் ஒரு பண்ணைக் கொட்டகையில் பழைய ஷெவ்ரோலே ராணுவ லாரியின் கதவு கிடக்கிறது. சிவப்புப் பெயின்ட், அதன் கீழே பச்சை. எண் எதுவும் தெரியவில்லை. பழைய இரும்புக்குப் போட்டுவிடவா?

பதில்: போடாதீர்கள்! மன்னிப்பு எதற்கு? இன்று வந்ததிலேயே இதுதான் கேள்வி. போருக்குப் பின் உபரி லாரிகளை விவசாயிகள் வாங்கி, கையில் கிடைத்த பெயின்டைப் பூசிக்கொண்டார்கள். எண் அடியில் இருக்கலாம். இருட்டிய பிறகு டார்ச்சைக் கதவோடு ஒட்டிப் பிடித்து, ஒளியைச் சாய்வாக ஓடவிடுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. என் கொட்டகையிலுள்ள கதவில் மூன்று பூச்சுக்குக் கீழே முதலில் ஒரு கோணல் கோடு தெரிந்தது. 'இசட்'டின் சாய்ந்த கால். அதன் நடுவே எழுத்து வெட்டிய அச்சுத்தகடு (ஸ்டென்சில்) விட்ட சிறிய இடைவெளிகூட இருந்தது. கையால் எழுதியிருந்தால் அந்த இடைவெளி வராது. சுரண்ட வேண்டாம், கழுவவும் வேண்டாம். சாய்வொளியில் படம் எடுத்து அனுப்புங்கள். சனிக்கிழமை நீங்கள் வீட்டில் இருப்பீர்களா?