சாமி கண்ணைக் குத்தும்

அன்புள்ள ஐயா,

என் ஏழு வயது மகன் பக்கத்து வீட்டுப் பையனின் பொம்மைக் காரை எடுத்து வந்து தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தான். என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "திருடினால் சாமி ராத்திரி வந்து கண்ணைக் குத்தும்" என்று சொல்லிவிட்டார். மூன்று இரவுகளாக அவன் இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டுதான் தூங்குகிறான். நான் மாமியாரிடம் கோபப்பட்டேன். கணவர் அவருடைய அம்மா பக்கம். "பயம் இல்லாவிட்டால் மனுஷன் எதையும் செய்வான். நாமும் அப்படித்தானே வளர்ந்தோம்?" என்கிறார். எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு. ஆனால் தண்டனைக்குப் பயந்து ஒழுங்காக இருப்பது சரிதானா என்று குழப்பமாக இருக்கிறது. பயத்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது?

எம்.

அன்புள்ள எம்.,

முதலில் உங்கள் கணவருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். பயம் வேலை செய்யும். அசீம் ஷரீஃப், அரா நோரன்சாயன் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஆய்வொன்று 2011இல் வந்தது. ஏமாற்ற வழி இருந்த ஒரு தேர்வில், கடவுளைத் தண்டிப்பவராக நினைத்தவர்கள் குறைவாக ஏமாற்றினார்கள். அன்பே உருவானவராக நினைத்தவர்கள் கொஞ்சம் தாராளமாக நடந்துகொண்டார்கள். கடவுளை நம்புகிறவர், நம்பாதவர் என்று பிரித்துப் பார்த்தபோது மட்டும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆக, உங்கள் மாமியாரின் உளவியல் அவ்வளவு மோசமில்லை.

சரி, நான் பயந்த கதையைச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பில் எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவனிடம் ஒரு மைப்பேனா இருந்தது. பச்சை உடம்பு, பொன் நிற மூடி. ஒரு நாள் இடைவேளையில் அவன் பையிலிருந்து அதை எடுத்துவிட்டேன். வீட்டில் வைத்து ஒரு வரிகூட எழுதவில்லை. மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். இரவானதும் பயம் வந்தது. எங்கள் வீட்டிலும் கண்ணைக் குத்துகிற அதே சாமிதான். நான்கு நாள் தூக்கமில்லை. கண்ணில் தூசி விழுந்தால்கூட ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் விடியற்காலையில் போய்ப் பேனாவைக் கிணற்றில் போட்டுவிட்டு, "என்கிட்ட இல்ல, பாத்துக்கோ" என்று மேலே பார்த்துச் சொன்னேன். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அந்த நான்கு நாளும் அவன் பென்சிலால் எழுதியதற்காக வகுப்புக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். ஜன்னல் வழியாக அவன் முதுகு தெரியும். அதைப் பார்த்தபடியேதான் நான் என் கண்ணைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். பேனாவை அவன் பையிலேயே திரும்பப் போட்டிருக்கலாம் என்பது பெரியவனாகி ரொம்ப வருஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. பயம் என்னைத் திருடவிடாமல் தடுக்கவில்லை. சரி, அதையாவது விட்டுவிடலாம். திருப்பிக் கொடுக்கவும் வைக்கவில்லையே! தண்டிக்கிறவரையே பார்த்துக்கொண்டிருந்தால் அடிபட்டவன் எப்படிக் கண்ணில் படுவான்? என் சிக்கல் எனக்கும் சாமிக்கும் நடுவில் இருந்தது. அதில் அவனுக்கு இடமே இல்லை.

அப்புறம் இன்னொன்று. தண்டனை என்று ஒன்றை நிர்ணயித்துவிட்டால், அது சீக்கிரமே விலையாக மாறிவிடுகிறது. இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைக் காப்பகங்களில் நடந்த ஓர் ஆய்வு 2000இல் வெளிவந்தது. பிள்ளையைக் கூட்டிப்போக மாலையில் தாமதமாக வருகிற பெற்றோருக்குச் சில காப்பகங்களில் அபராதம் போட்டுப் பார்த்தார்கள். தாமதம் கூடியது. அதுவரை, நமக்காக அந்த ஆசிரியை காத்துக்கொண்டிருக்கிறாரே என்ற கூச்சம் இருந்தது. அபராதம் வந்தபிறகு, அதான் பணம் கட்டுகிறோமே என்றாகிவிட்டது போலும். அபராதத்தை நீக்கியும் பழைய நிலை திரும்பவில்லை என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. பாவத்துக்கும் இதே கதி வந்ததுண்டு. ஐரோப்பாவில் பாவத்தின் தண்டனையைக் குறைக்கப் பாவமன்னிப்புச் சீட்டு விற்றார்கள். ஜெர்மானியப் பாதிரியார் மார்ட்டின் லூதர் 1517இல் 95 கருத்துகளை எழுதி எதிர்த்தது அந்த வியாபாரத்தைத்தான். கிணற்றடியில் நான் பேசியதும் அந்த வகைப் பேரம்தான், சின்ன அளவில்.

வள்ளுவர் இந்தப் பயத்தை எங்கே வைத்தார் என்று பாருங்கள். "அச்சமே கீழ்களது ஆசாரம்" என்ற வரி 'கயமை' அதிகாரத்தில் வருகிறது (1075). கயவர்களின் ஒழுக்கம் வெறும் பயம்தான், வேறு ஏதாவது கொஞ்சம் இருந்தால் அது ஆசையால் வந்தது என்கிறார். அதே வள்ளுவர் 'தீவினையச்சம்' என்று தனியாக ஓர் அதிகாரமும் எழுதியிருக்கிறார். தீயைவிடத் தீயவைக்கு அஞ்ச வேண்டும் என்பது அதில்தான் வருகிறது. கெட்டது செய்தவனை அதன் விளைவு நிழல் மாதிரி விடாது என்றும் சொல்கிறார். அதனால் அவரை முழுசாக என் கட்சியில் சேர்த்துக்கொள்ள முடியாது. ஆனால் அந்தப் பத்துக் குறளிலும் கம்போடு நிற்கிற ஆள் யாரும் இல்லை. பயப்பட வேண்டியது செயலுக்கு. நெருப்பில் கை வைக்க நாம் தயங்குவது யாரோ அடிப்பார்கள் என்பதற்காக இல்லையே.

இப்படிச் சொன்னால் நாத்திகம் என்பார்கள். உங்கள் கணவரும் சொல்லக்கூடும். நரகத்துக்குப் பயந்து உன்னை வணங்கினால் என்னை நரகத்திலேயே எரித்துவிடு என்று வேண்டியதாக பஸ்ராவின் ராபியாவைப் பற்றிச் சொல்வார்கள். எட்டாம் நூற்றாண்டு இஸ்லாமிய இறையடியார் அவர். "நமனை அஞ்சோம், நரகத்தில் இடர்ப்படோம்" என்று பாடியவர் அப்பர். இவர்களைவிடப் பக்தி கூடியவர்களை நான் எங்கே போய்த் தேடுவது?

பயத்தை எடுத்த இடத்தில் எதை வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். பக்கத்து வீட்டுப் பையனை வைக்கலாம். இன்றைக்கு ராத்திரி மகனின் கையை மெதுவாகக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு, யாரும் வந்து குத்த மாட்டார்கள் என்று முதலில் சொல்லிவிடுங்கள். அந்தப் பயம் இருக்கும்வரை வேறு எதுவும் காதில் விழாது. பிறகு, கார் காணாமல் போன அன்று அந்தப் பையன் எங்கெல்லாம் தேடியிருப்பான் என்று கேளுங்கள். கட்டிலுக்கு அடியிலா, பைக்குள்ளா? பதிலை நீங்கள் சொல்ல வேண்டாம். ஏழு வயதுக்காரனுக்குக் கற்பனை நன்றாகவே ஓடும். திருப்பிக் கொடுக்கப் போகும்போதும் பயப்படுவான். அது வேறு பயம், அது இருக்கட்டும். நீங்கள் கூடவே போய், பேசாமல் பின்னால் நில்லுங்கள். மாமியாரிடம் சண்டை வேண்டாம். முடிந்தால் அவரையும் கூட்டிப்போங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகனின் கண் வருகிறது, மாமியார் வருகிறார், கணவர் வருகிறார், கடவுள் வருகிறார். அந்தக் கார் இப்போது யாரிடம் இருக்கிறது?