பரங்கிப் பிஞ்சுக்குள் புழு வருவது எப்படி?

கேள்வி: எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு பரங்கிக் கொடிகள் செழிப்பாகப் படர்ந்திருக்கின்றன. ஆனால், பிஞ்சுகள் எலுமிச்சை அளவுக்கு வந்ததும் மஞ்சளாகி, அழுகி உதிர்ந்துவிடுகின்றன. நறுக்கிப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிகின்றன. வேப்பெண்ணெய் தெளித்தும் பயனில்லை. வேறு என்ன மருந்து அடிக்கலாம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: புழுவைக் கண்ட பிறகு எந்த மருந்தை அடித்தாலும் அந்தப் பிஞ்சைக் காப்பாற்ற முடியாது. இது பழ ஈயின் வேலை. பெண் ஈ பிஞ்சின் மெல்லிய தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. ஓரிரு நாளில் பொரிந்து வரும் புழுக்கள் சதையைத் தின்று வளர்வதால், மேலே தெளிக்கும் மருந்து அவற்றை எட்டுவதே இல்லை. துளையிட்ட இடத்தில் பிசின் துளிபோலக் கசிந்திருப்பதைக் கூர்ந்து பார்த்தால் காணலாம்.

ஆகவே, ஈ அமரும் முன்பே பிஞ்சை மூடிவிடுவதுதான் வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்ற வழி. பரங்கியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே பூக்கும். அடியில் சிறு பிஞ்சுடன் இருப்பது பெண் பூ. காலையில் பூ விரிந்தவுடன் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, மகரந்தத்தைப் பெண் பூவின் சூல்முடியில் மெல்லத் தடவுங்கள். பிறகு அந்தப் பூவையும் பிஞ்சையும் சேர்த்து, நெருக்கமான கண்ணியுள்ள வலைத்துணிப் பையில் இட்டுக் காம்பருகே தளர்வாகக் கட்டிவிடுங்கள். பிஞ்சு பருக்கப் பருக்கப் பெரிய பையாக மாற்ற வேண்டும். துணி தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தால் ஈ அதன் வழியாகவே முட்டையிட்டுவிடும். பிளாஸ்டிக் உறை வேண்டாம்; உள்ளே நீர் வேர்த்துப் பிஞ்சு அழுகும். இரண்டு கொடிகளுக்கு இது பெரிய வேலையே அல்ல, ஏக்கர் கணக்கில் பயிரிடுபவருக்குத்தான் இயலாது.

இதைவிட முக்கியமானது, உதிர்ந்த பிஞ்சுகளை என்ன செய்கிறோம் என்பது. வளர்ந்த புழு பிஞ்சிலிருந்து வெளியேறி மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகி, மீண்டும் ஈயாக எழுகிறது. எனவே, உதிர்ந்தவற்றை அன்றன்றே பொறுக்கி, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, சில நாள்கள் கடும் வெயிலில் போட்டுவையுங்கள். உரக்குழியில் வீசுவது, ஈக்களை நாமே வளர்ப்பதாகும். கொடியின் அடிமண்ணை வேர் அறுபடாமல் மேலாகக் கிளறிவிட்டால் கூட்டுப்புழுக்கள் வெயிலுக்கும் எறும்புக்கும் இரையாகும். கோழி வளர்ப்பவர்களுக்கு இந்த வேலையும் மிச்சம்.

வாசனையால் ஈக்களை ஈர்த்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வாங்குவதானால், கொடிவகைக் காய்களுக்கான ‘கியூலூர்’ என்று கேட்டு வாங்குங்கள். மாமரத்தில் கட்டும் மெத்தில் யூஜினால் பொறிக்குப் பரங்கி ஈ வராது. கியூலூரும் ஆண் ஈக்களை மட்டுமே ஈர்ப்பதால், ஏற்கெனவே இணைசேர்ந்து அண்டைத் தோட்டத்திலிருந்து வரும் பெண் ஈயை அது தடுக்காது. ஒற்றை வீட்டில் பொறியை மட்டும் நம்பியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஒரு குறிப்பு: உதிரும் பிஞ்சுகளில் சில, புழுவே இல்லாமல் வெறுமனே சுருங்கியிருக்கலாம். அவை பெரும்பாலும் மகரந்தம் சேராதவை. காலை வேளையில் பூச்சிக்கொல்லி தெளித்தால் தேனீக்கள் பாதிக்கப்பட்டு இக்குறை கூடிவிடும் என்பதால், எதைத் தெளித்தாலும் பூக்கள் மூடிய பின் மாலையில் தெளியுங்கள்.

கேள்வி: பரங்கி விதை முளைத்து இரண்டு இலை விட்டவுடனேயே சிவப்பு வண்டுகள் அவற்றைச் சல்லடையாக்கிவிடுகின்றன. கந்தகத் தூள் தூவலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம். பரங்கி வகைச் செடிகளின் இலை கந்தகத்தைத் தாங்காமல் கருகிவிடும். விதை ஊன்றிய அன்றே பாத்தியின் மேல் கொசுவலையைக் கூடாரம்போல் கட்டி, விளிம்புகளை மண்ணால் மூடிவிடுங்கள். பூக்கத் தொடங்கும்போது தேனீக்கள் வருவதற்காக எடுத்துவிட வேண்டும். பழைய கொடி கிடந்த அதே இடத்தில் விதைக்காதீர்கள். இவ்வண்டின் புழுக்கள் மண்ணிலிருந்து வேரைத் தின்பவை, வலைக்குள்ளேயே வண்டாகி எழும். வலை கட்ட இயலாதவர்கள், வண்டுகள் மந்தமாக இருக்கும் அதிகாலையில் அவற்றைக் கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம்.