மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டால் மூளையில் செரோடோனின் அதிகமாகச் சுரக்குமா?

சுரக்காது. செரோடோனின் என்பது நரம்பணுக்கள் தங்களுக்குள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் ஒரு வேதிப்பொருள். எனக்கு எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையை எழுதிக்கொடுத்தபோது, "செரோடோனின் குறைஞ்சிருக்கு, அதை ஏத்தத்தான் மாத்திரை" என்றுதான் தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். உள்ளே நடப்பது வேறு.

நரம்பணுக்கள் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து செரோடோனினைத் தயாரித்து வெளியே விடுகின்றன. வேலை முடிந்ததும் ஒரு கடத்திப் புரதம் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். அங்கே கொஞ்சம் மறுபடி சேமிக்கப்படும், மீதியை மோனோஅமைன் ஆக்ஸிடேஸ் என்ற நொதி சிதைத்துவிடும். ஃப்ளூவாக்செட்டின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மாத்திரைகள் எல்லாம் அடைப்பது அந்தத் திரும்பும் வழியைத்தான். வெளியே வந்த செரோடோனின் இன்னும் கொஞ்ச நேரம் வெளியிலேயே நிற்கும்.

அப்படி நிற்பதை மூளை சும்மா விடுவதில்லை. செரோடோனின் நரம்பணுவின் மேலேயே இருக்கும் 5-ஹெச்டி1ஏ ஏற்பிகள் அதை உணர்ந்து, தயாரிப்பையும் வெளியீட்டையும் மட்டுப்படுத்துகின்றன. சில வாரங்கள் போனபிறகு இந்த ஏற்பிகள் மரத்துப்போகின்றன, நரம்பணு பழைய வேகத்துக்குத் திரும்புகிறது. மனசு லேசாக வாரக்கணக்கில் ஆவதற்குப் பலரும் சொல்லும் காரணங்களில் இது ஒன்று. குமட்டல் மட்டும் முதல் நாளே வந்துவிடும். உடம்பின் செரோடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தானே இருக்கிறது!

முதுகுத்தண்டில் ஊசி குத்தி எடுக்கும் திரவத்தில் 5-ஹெச்ஐஏஏ என்ற பொருளை அளப்பார்கள். செரோடோனின் சிதைந்தால் மிஞ்சுவது அதுதான். இந்த மாத்திரைகளைச் சாப்பிடும் நோயாளிகளிடம் அது கூடுவதில்லை, குறைகிறது. ரத்தத்திலும் அதே கதை: ரத்தத்தை உறையவைக்க உதவும் தட்டணுக்களால் செரோடோனினைத் தயாரிக்க முடியாது, அதே கடத்திப் புரதத்தால்தான் உறிஞ்சிக்கொள்ள வேண்டும். வழி அடைபட்டதும் ரத்தத்தில் அளவு நன்றாகவே இறங்கிவிடும். அதனால் 'செரோடோனின் டெஸ்ட்' எடுத்து மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்க முடியாது. தயவுசெய்து அதற்குக் காசு செலவழிக்காதீர்கள். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் கூடச் சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடுவதற்கும் தட்டணுக்களின் இந்த வறட்சி ஒரு காரணம்.

சரி, நோயே செரோடோனின் பற்றாக்குறையால் வருவதா? அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று 2022இல் வந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு சொன்னது. அதை வைத்து மாத்திரையே வீண் என்று சிலர் எழுதுவது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. மருந்துச் சோதனைகளில் பார்ப்பது நோயாளியின் தூக்கம், துயரம், தற்கொலை எண்ணம் போன்றவற்றை. அங்கே மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட இவை சராசரியாகக் கூடுதல் பலன் தந்திருக்கின்றன.

மோனோஅமைன் ஆக்ஸிடேஸையே தடுக்கும் பழைய வகை மருந்துகளும் உண்டு. இரண்டு வகையும் சேர்ந்தால் செரோடோனின் ஆபத்தான அளவுக்குத் தேங்கி உயிருக்கே உலை வைக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது வழக்கமாக 14 நாள் இடைவெளி விடுவார்கள். ஃப்ளூவாக்செட்டினை நிறுத்திவிட்டு அந்தப் பழைய வகைக்கு மாறுவதென்றால் 5 வாரம், அது உடம்பை விட்டுப் போக அவ்வளவு நாளாகும்.