சூத்திரத்துக்கு முன்னால் ஒரு வரி: கணக்குக் கேள்வி பதில்

கேள்வி: பத்தாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கிறேன். உருளை, கூம்பு, கோளம் என்று தனித்தனியாகக் கேட்டால் என் பிள்ளைகள் கன அளவுச் சூத்திரங்களை மடமடவென்று ஒப்பிக்கிறார்கள். இரண்டு உருவங்களைச் சேர்த்து ஒரு கணக்குக் கொடுத்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். இன்னும் நிறையக் கணக்குகள் போடவைப்பதுதான் வழியா?
— ஓர் ஆசிரியை

பதில்: நிறையப் போடவைப்பதற்கு முன்னால், தொடங்கும் இடத்தை மாற்றிப் பாருங்கள். உங்கள் பிள்ளைகளுக்குச் சூத்திரம் தெரிகிறது. எது எதற்குச் சமம் என்பதுதான் பிடிபடவில்லை. இந்த வகைக் கணக்குகள் பெரும்பாலானவற்றின் நடுவில் ஒரே ஒரு சமன்பாடுதான் இருக்கும். உலோகத்தை உருக்கி வார்த்தால், பழைய உருவத்தின் கன அளவும் புதிய உருவத்தின் கன அளவும் சமம். குண்டைத் தண்ணீரில் முழுக்கினால், குண்டின் கன அளவும் மேலே ஏறிய தண்ணீர்ப் பகுதியின் கன அளவும் சமம். இந்த ஒரு வரியை, எண்ணே இல்லாமல், வார்த்தையில் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். சூத்திரம் அதற்கு அப்புறம்தான்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 14 மீ. விட்டமும் 6 மீ. ஆழமும் உள்ள ஒரு கிணறு தோண்டுகிறார்கள். வந்த மண்ணைக் கிணற்றைச் சுற்றி 7 மீ. அகலத்துக்கு வளையமாகப் பரப்பி மேடை அமைக்கிறார்கள். மேடையின் உயரம் என்ன? பிள்ளை முதலில் எழுத வேண்டிய வரி: ‘தோண்டிய மண்ணின் கன அளவு = மேடையின் கன அளவு.’ இந்த வரி விழுந்துவிட்டால் பாதிக் கணக்கு முடிந்த மாதிரி. இடப்பக்கம் உருளை, அது எல்லோருக்கும் தெரியும். தடுமாற்றம் எல்லாம் வலப்பக்கத்தில்தான். ‘7 மீ. அகலம்’ என்று படித்தவுடன் மேடையின் ஆரம் 7 என்று எழுதிவிடுவார்கள். இங்கே படம் வேண்டும். பக்கவாட்டிலிருந்து பார்க்கும் படத்தில் இது தெரியாது. மேலிருந்து பார்க்கும் படம் போடச் சொல்லுங்கள்: ஒரு வட்டம், அதைச் சுற்றி இன்னொரு வட்டம். உள் ஆரம் 7; வெளி ஆரம் 7 + 7 = 14. அகலம் என்பது இரண்டு வட்டங்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

இனி, பை × 7 × 7 × 6 = பை × (14 × 14 − 7 × 7) × உயரம். இரண்டு பக்கமும் இருக்கும் பையை அடித்துவிடலாம். 294 = 147 × உயரம். மேடையின் உயரம் 2 மீ. மொத்தக் கணக்கிலும் 22/7 என்ற எண் ஒரு முறைகூட வரவில்லை என்பதைப் பிள்ளைகளே கவனிக்கட்டும். இரண்டு கன அளவுகளையும் தனித்தனியாகக் கண்டுபிடித்து எண்ணாக எழுதியவர்களுக்கு அரைப் பக்கம் கூடுதல் வேலை, தப்பு நுழைய அத்தனை கூடுதல் வாசல்.

இதில் ஒரு பிள்ளை எழுந்து, தோண்டிய மண் உதிரியாகிக் கூடுதல் இடம் பிடிக்காதா என்று கேட்கலாம். பிடிக்கத்தான் செய்யும். தேர்வுக் கணக்கில் அதைச் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான். இந்தக் கேள்வி வரும் வகுப்பு யோசிக்கிற வகுப்பு. பாராட்டிவிட்டு மேலே போங்கள்.

இன்னொன்றையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்: எது மாறாது, எது மாறும்? 6 செ.மீ. ஆரமுள்ள கோளத்தை உருக்கி 2 செ.மீ. ஆரமுள்ள சின்னக் கோளங்களாக வார்த்தால் 27 கிடைக்கும். கன அளவில் கூடுதல் குறைவு இல்லை. ஆனால் புறப்பரப்பு மூன்று மடங்காகிவிடும். ‘உருக்கினால் எல்லாமே சமம்’ என்று குத்துமதிப்பாக மனதில் வைத்திருக்கும் பிள்ளை, புறப்பரப்பைக் கேட்கும் கணக்கிலும் சமக்குறி போட்டுவிடும்.

கேள்வி: என் மகளுக்கு முறை தெரிகிறது. படிகளும் சரியாகத்தான் போகின்றன. ஆனால் கடைசி விடை மட்டும் தப்பு. கவனக்குறைவு என்று திட்டித் திட்டி எனக்கே அலுத்துவிட்டது.
— ஒரு தாய்

பதில்: அம்மா, ‘கவனக்குறைவு’ என்று சொல்லிவிட்டால் அதற்கு மருந்து கிடையாது. பழைய விடைத்தாள்களை எடுத்து இரண்டு பேரும் சேர்ந்து உட்காருங்கள். ஒவ்வொரு கணக்கிலும் எந்த வரியில் பாதை மாறியது என்று அவளையே வட்டமிடச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரே வகைத் தப்புதான் திரும்பத் திரும்ப வந்திருக்கும். கேள்வியில் விட்டம் கொடுத்திருக்க, அதை ஆரமாக எடுத்திருப்பாள். அல்லது அலகில் வழுக்கியிருப்பாள்.

அலகுதான் பெரிய வில்லங்கம். 1 மீட்டர் 100 செ.மீ. என்று தெரிந்த பிள்ளை, 1 கன மீட்டரும் 100 கன செ.மீ. என்று எழுதிவிடும். உண்மையில் அது 10,00,000 கன செ.மீ. நீளம், அகலம், உயரம் மூன்றும் 100, 100, 100 என்று மாறுகின்றன, மூன்றையும் பெருக்க வேண்டும். இதை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். சூத்திரத்தில் எண்ணைப் போடுவதற்கு முன்பே எல்லா நீளத்தையும் ஒரே அலகுக்குக் கொண்டுவந்துவிட்டால் கன அலகை மாற்றும் வேலையே பெரும்பாலும் வராது. விடையை லிட்டரில் கேட்டால் மட்டும் 1000 கன செ.மீ. 1 லிட்டர் என்பது போதும்.

வீட்டில் போட்டுப் பார்க்க ஒரு கணக்கு. 2 செ.மீ. உள்விட்டமுள்ள குழாயில் விநாடிக்கு 3 மீ. வேகத்தில் தண்ணீர் வருகிறது. 30 செ.மீ. ஆரமும் 1 மீ. உயரமும் உள்ள உருளைத் தொட்டி எவ்வளவு நேரத்தில் நிரம்பும்? இதில் விட்டம், மீட்டர், செ.மீ. என்று எல்லாப் பொறியும் இருக்கிறது. ஒரு விநாடியில் வெளியே வரும் தண்ணீரை 1 செ.மீ. ஆரமும் 300 செ.மீ. நீளமும் உள்ள ஓர் உருளையாகப் பார்க்கத் தெரிந்தால் போதும். அதன் கன அளவு 300 பை. தொட்டியின் கன அளவு 30 × 30 × 100 பை, அதாவது 90,000 பை. வகுத்தால் 300 விநாடி, 5 நிமிடம். அவள் வேறு விடை கொண்டுவந்தால் திட்ட வேண்டாம். எந்த வரி என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி: தேர்வில் முதல் பிரிவுக்கு விடை வரவில்லை என்றால், அதை வைத்துப் போட வேண்டிய அடுத்த பிரிவையும் விட்டுவிடுகிறேன். வேறு வழி உண்டா?
— ஒரு மாணவன்

பதில்: விடாதே தம்பி. ‘உயரம் 10 செ.மீ. எனக் கொண்டால்’ என்று தெளிவாக எழுதிவிட்டு அடுத்த பிரிவின் படிகளைப் போடு. படிகளுக்குத் தனி மதிப்பெண் தரும் தேர்வுகளில், வெற்றிடத்துக்குக் கிடைக்காதது இதற்குக் கிடைக்க வாய்ப்பு உண்டு.

கேள்வி: ஐந்து வரிக்கு மேல் நீளும் கணக்கைப் பார்த்தாலே என் டியூஷன் பிள்ளைகள் மிரண்டுபோகிறார்கள். போர்டில் நான் போட்டுக் காட்டினால் புரிந்தது என்கிறார்கள். தனியாகப் போடச் சொன்னால் ஒன்றும் வருவதில்லை.
— ஒரு டியூஷன் ஆசிரியர்

பதில்: முழுக்க நாமே போட்டுக் காட்டுவது ஒரு முனை. முழுக்க அவர்களிடமே விட்டுவிடுவது மறு முனை. நடுவில் உள்ள தூரத்தை நாம் ஒரே தாவலில் கடக்கச் சொல்கிறோம். தீர்த்து முடித்த கணக்கைக் கொடுத்து, கடைசி வரியை மட்டும் அழித்துவிடுங்கள். அதை அவர்கள் எழுதட்டும். அடுத்த கணக்கில் கடைசி இரண்டு வரிகள். அதற்கடுத்து, நான் மேலே சொன்ன ‘எது எதற்குச் சமம்’ என்ற வரியை மட்டும் விட்டுவைத்து மற்றதெல்லாம் காலி. கடைசியில் அந்த வரியும் அவர்களுடையது. தொடக்கநிலையில் இருப்பவர்கள் தீர்த்த கணக்குகளைப் படித்தும் போட்டும் மாறிமாறிப் பயில்வது, வெறுமனே போட்டுக்கொண்டே இருப்பதைவிட நன்றாகப் பலன் தருகிறது என்பதை உளவியலாளர் ஜான் ஸ்வெல்லரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980களில் இயற்கணிதக் கணக்குகளை வைத்தே காட்டினார்கள்.

அவர்கள் ஆராய்ந்த இன்னொரு உத்தி எனக்கு மிகவும் பிடித்தது. கணக்கிலிருந்து கேள்வியை எடுத்துவிடுங்கள். ‘6 செ.மீ. ஆரமும் 20 செ.மீ. உயரமும் உள்ள உருளைப் பாத்திரத்தில் 15 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் இருக்கிறது. 3 செ.மீ. ஆரமுள்ள இரும்புக் குண்டுகள் இருக்கின்றன.’ இவ்வளவுதான், முற்றுப்புள்ளி. இதிலிருந்து என்னவெல்லாம் கண்டுபிடிக்கலாம் என்று கேளுங்கள். ஒருத்தி தண்ணீரின் கன அளவைச் சொல்வாள். ஒருவன் காலியாக இருக்கும் 5 செ.மீ. பகுதியைச் சொல்வான். இன்னொருவர் குண்டின் கன அளவு 36 பை என்பார். பாத்திரத்தில் 1 செ.மீ. உயரத்துக்கு நிற்கும் தண்ணீரும் 36 பைதான் என்று யாராவது கவனிக்கும்போது வகுப்பில் சலசலப்பு கிளம்பும். ஒரு குண்டுக்கு 1 செ.மீ. ஏறும், ஐந்தாவது குண்டில் விளிம்பைத் தொடும், ஆறாவதில் வழியும். நீங்கள் கேட்கவே நினைத்திராத கேள்விக்குப் பிள்ளைகளே விடை சொல்லியிருப்பார்கள். மிரட்சி எங்கே போனது என்றே தெரியாது.

கேள்வி: போட்ட விடை சரியா என்று தேர்வறையிலேயே சரிபார்க்க முடியுமா? திரும்ப ஒரு முறை போட நேரம் இருக்காது.
— ஒரு மாணவி

பதில்: திரும்பப் போட வேண்டாம் அம்மா, திரும்பப் போட்டாலும் அதே தப்பைத்தான் போடுவோம். உருவத்தை அதைவிடப் பெரிய, எளிய ஓர் உருவத்துக்குள் வைத்துப் பார். ஒரு திண்மம்: கீழே உருளை, மேலே அரைக்கோளம், மொத்த உயரம் 19 செ.மீ., விட்டம் 14 செ.மீ. நிறையப் பேர் உருளையின் உயரத்தை 19 என்றே எடுத்துக்கொண்டு, கன அளவு சுமார் 3645 கன செ.மீ. என்று முடிப்பார்கள். இப்போது யோசி. இந்தத் திண்மம் முழுவதும் 19 செ.மீ. உயரமும் 7 செ.மீ. ஆரமும் உள்ள ஒரே உருளைக்குள் அடங்கிவிடும். அந்த உருளையின் கன அளவே 154 × 19 = 2926தான். உள்ளே இருப்பது வெளியே இருப்பதைவிடப் பெரிதாக இருக்க முடியுமா? எங்கோ தப்பு. அரைக்கோளத்தின் உயரம் 7 போக, உருளைக்கு 12தான் மீதி. சரியாகப் போட்டால் சுமார் 2567 வரும், 2926க்குள் அடங்குகிறது.

இதற்குக் கைகொடுக்கும் ஒரு பழைய விகிதம் இருக்கிறது. ஆரமும் உயரமும் ஒரே அளவாக இருக்கும் கூம்பு, அரைக்கோளம், உருளை மூன்றின் கன அளவுகள் 1 : 2 : 3. உருளைக்குள் கச்சிதமாகப் பொருந்தும் கோளம் அந்த உருளையில் மூன்றில் இரண்டு பங்கு என்று நிறுவியவர் ஆர்க்கிமிடீஸ். தம் கண்டுபிடிப்புகளில் அதை அவர் அவ்வளவு பெரிதாக மதித்ததால், அவர் கல்லறை மேல் கோளமும் உருளையும் செதுக்கியிருந்தார்கள், கி.மு. 75இல் ரோமானிய அரசியல்வாதி சிசரோ அந்தக் கல்லறையைத் தேடிக் கண்டுபிடித்தது அந்த உருவங்களை அடையாளமாக வைத்துத்தான். அந்த 1 : 2 : 3ஐ வைத்து இந்தக் கணக்கை மனதிலேயே போடலாம்: 7 செ.மீ. உயர அரைக்கோளம், அதே உயர உருளையில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஐந்து செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவான உருளைக்குச் சமம். 12உடன் சேர்த்தால் ஏறக்குறைய 17. 154 × 17 = 2618. உன் விடை இதற்குக் கொஞ்சம் கீழே வந்திருந்தால் அடுத்த கணக்குக்குப் போகலாம்.