மலையேற்றப் போட்டிக்காகச் சிவிக் காரின் புஷ்களை மாற்றும்போது எதைக் கடினமாக்க வேண்டும், எதை ரப்பராகவே விட வேண்டும்?

உங்களிடம் இருப்பது 1998ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஹொண்டா சிவிக் ஈகே3. அதே காரில்தான் ஹட்டனிலிருந்து தினமும் வேலைக்குப் போகிறீர்கள். அடுத்த ஏப்ரலில் நுவரெலியா மஹகஸ்தோட்டை மலையேற்றத்தில் முதன்முறையாக ஓட விரும்புவதாகவும், அதற்கு முன் ஸ்டியரிங்கிலும் என்ஜின், கியர்பொக்ஸ் பகுதியிலும் உள்ள ரப்பர் புஷ்கள் (பாகங்கள் இணையும் இடத்தில் அதிர்வைத் தாங்கும் உருளைகள்) எல்லாவற்றையும் ஒரே தடவையில் பொலியூரித்தேன் என்ற கடினமான செயற்கைப் பொருளுக்கு மாற்றிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம் என்பதே என் பதில். சிலவற்றைக் கட்டாயம் கடினமாக்குங்கள். சிலவற்றைப் புதிய ரப்பராகவே போடுங்கள். எது எந்த வகை என்பதை ஒவ்வொரு புஷ்ஷும் செய்யும் வேலையே தீர்மானிக்கிறது. நான் பண்டாரவளையில் சஸ்பென்ஷன் வேலை செய்பவன். போட்டிக்கு ஓடும் கார்களும் எங்கள் கராஜுக்கு வருவதால், இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கம்பனி போட்டுத் தரும் ரப்பர் புஷ்ஷில், உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஓர் இரும்பு வளையம், இரண்டோடும் சூட்டில் ஒட்டவைத்த ரப்பர் என்று மூன்று பகுதிகள் இருக்கும். ஆர்ம் (சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் கை) மேலும் கீழும் அசையும்போது அங்கே எதுவும் வழுக்கிச் சுழல்வதில்லை. ரப்பரே முறுகிக் கொடுத்து மீண்டும் தன் நிலைக்குத் திரும்புகிறது. அதனால்தான் அது சத்தமில்லாமல், கிரீஸ் கேட்காமல், எந்தத் திசையிலும் கொஞ்சம் சாய்ந்து கொடுக்கிறது. பொலியூரித்தேன் புஷ் வேறு விதமானது. அது இரும்புக் குழாயின் மேல் வழுக்கிச் சுழல வேண்டும். அதற்கு சிலிக்கோன் கிரீஸ் வேண்டும். ஒரே அச்சில் அது நன்றாகச் சுழலும், ஆனால் பக்கவாட்டில் சாய்க்கப் பார்த்தால் இறுகி நின்றுவிடும். கடினத்தன்மையைச் சொல்வதானால், ஷோர் ஏ அளவில் சாதாரண ரப்பர் பொதுவாக 50 முதல் 65 வரையிலும், சந்தையில் கிடைக்கும் பொலியூரித்தேன் 70 முதல் 95 வரையிலும் இருக்கும். ஒரு தயாரிப்பாளரின் கறுப்பு நிறம் இன்னொருவருடைய கறுப்பு நிறத்துக்குச் சமமானது அல்ல. ஆகவே நிறத்தைப் பார்த்து வாங்காமல் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

பணம் செலவழிப்பதற்கு முன் காரைச் சோதியுங்கள். மலைநாட்டில் சமதளம் கிடைப்பது எளிதல்ல. தோட்டத்துக் கொழுந்து மடுவத்தின் முற்றம் போன்ற ஓர் இடம் கிடைத்தால் போதும். நான்கு டயரும் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறு அளவில் ஆட்டட்டும். இன்னொருவர் டோர்ச் வெளிச்சத்தில் ரெக்கை, அதாவது ஸ்டியரிங்கின் திருப்பத்தைப் பக்கவாட்டு அசைவாக்கி முன் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பகுதியை, கவனிக்கட்டும். ரெக்கின் உள்ளே உள்ள தண்டு மட்டும் அசைய வேண்டும்; ரெக்கின் உடலே சட்டத்தின் மேல் பக்கவாட்டில் நகர்ந்தால் அதைச் சட்டத்தோடு பிடித்து வைக்கும் மவுண்ட் புஷ் போய்விட்டது என்று பொருள். ரெக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ரொட் எண்ட், ரெக் எண்ட், ஸ்டியரிங் தண்டின் இணைப்பு ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் தேய்ந்துபோன டை ரொட் எண்டை வைத்துக்கொண்டு எவ்வளவு விலைகொடுத்துப் புஷ் வாங்கினாலும் ஸ்டியரிங் சரியாகாது.

ரெக் மவுண்ட் புஷ்ஷை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் ஆர்மின் நீளம் 130 மில்லிமீற்றர் என்றும், ரெக்கின் உடல் 2 மில்லிமீற்றர் நகர்கிறது என்றும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். முன் சக்கரங்கள் ஏறத்தாழ 0.9 பாகை திரும்ப வேண்டிய அசைவு ரப்பருக்குள்ளேயே தொலைந்துபோகிறது. ஸ்டியரிங் விகிதம் 16க்கு 1 என்றால், உங்கள் கையில் அது 14 பாகை. அதாவது ஸ்டியரிங்கை 14 பாகை திருப்பும் வரை கார் உங்களுக்கு முழுமையாகப் பதில் சொல்லவில்லை. மஹகஸ்தோட்டையைப் போன்ற ஒடுக்கமான தேயிலைத் தோட்டப் பாதையில், ஒரு வளைவிலிருந்து எதிர்த்திசை வளைவுக்குக் காரைத் திருப்பும் அந்தக் கணத்தில்தான் இந்த வெற்றிடம் இரண்டு தடவை வருகிறது. ரெக்கின் உடலோ எந்த அச்சிலும் சுழல வேண்டியதில்லை, சாய வேண்டியதில்லை. அசையாமல் இருப்பது மட்டுமே அதன் கடமை. ஆகவே இங்கே பொலியூரித்தேனுக்கு எதிராகச் சொல்ல ஒன்றுமில்லை. 80க்கு மேற்பட்ட கடினத்தன்மையில் போடுங்கள். தோட்டத்துப் பாதையின் குழிகள் கையில் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். வீதியில் என்ன நடக்கிறது என்பதும் அதே அளவுக்குத் தெரியும். அலுமினியம் மட்டும் வேண்டாம். தினமும் ஓடும் காரில் அது ரெக்கின் உள் பாகங்களுக்கு அதிர்ச்சியை நேரடியாகக் கொண்டுபோகும்.

அடுத்தது முன் சக்கரத்தைக் கீழ்ப்பக்கமாகப் பிடித்திருக்கும் லோவர் ஆர்ம். அதன் பின்பக்கத்தில் உள்ள பெரிய புஷ், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னோக்கித் தள்ளப்படும் விசையை வாங்கிக்கொள்வதற்காகவே மென்மையாகச் செய்யப்பட்டது. வீதியில் அது சொகுசு. போட்டியிலோ, வளைவுக்கு முன் பலமாகப் பிரேக் பிடிக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே அளவில் கொடுக்காவிட்டால் கார் ஒரு பக்கம் இழுக்கும். 25 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காரில் இந்த ரப்பர் அநேகமாகக் கிழிந்தே இருக்கும். உங்களைப் போல் வேலைக்கும் போட்டிக்கும் ஒரே காரைப் பயன்படுத்துபவருக்கு, இந்த இடத்தில் கடினமாக்கப்பட்ட ரப்பர் புஷ்ஷையே நான் பரிந்துரைப்பேன். தாய்வானின் ஹார்ட்ரேஸ் போன்ற தயாரிப்புகள் இந்த வகையில் கிடைக்கின்றன. பொலியூரித்தேனும் இங்கே வேலை செய்யும். ஆனால் மழையும் சேறும் மாறி மாறி வரும் நம் பாதைகளில் கிரீஸ் கழுவப்பட்டு, மணல் உள்ளே போய், சில மாதங்களில் கீச்சிடத் தொடங்கும். அப்போது கழற்றித் துடைத்து மறுபடி கிரீஸ் வைக்கும் பொறுமை உங்களுக்கு இருக்க வேண்டும்.

நீங்கள் பின்புறத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் எல்லா புஷ்களும் அடங்கிய முழு செட்டாக வாங்கினால் அதுவும் பெட்டிக்குள் வரும், ஆகவே சொல்லியாக வேண்டும். ஈகே சிவிக்கின் பின் சக்கரத்தை முன்பின்னாகப் பிடித்திருக்கும் ட்ரெய்லிங் ஆர்மின் முன்முனையில் உள்ள பெரிய புஷ் ஓர் அச்சில் மட்டும் சுழல்வதில்லை. சக்கரம் மேலே ஏறும்போது குறுக்கு ஆர்ம்கள் அதை உள்நோக்கி இழுக்கின்றன. அதனால் ட்ரெய்லிங் ஆர்ம் சுழல்வதோடு சாயவும் வேண்டும். அந்தச் சாய்வுக்கு இடம் கொடாத கடினமான பொலியூரித்தேனை அங்கே போட்டால் சஸ்பென்ஷன் இறுகும். வளைவில் பின் டயர் திடீரென்று பிடியை விடும். பிரெக்கட்டின் மேலும் ஆர்மின் மேலும் தேவையற்ற விசை ஏறும். போட்டிக்கு மட்டும் ஓடும் காரென்றால் எல்லாத் திசையிலும் சாய்ந்து கொடுக்கும் உருண்டைப் பெயரிங்கை அங்கே போடலாம். உங்கள் காருக்குப் புதிய ரப்பர் போதும். மலைப்பாதையில், அதுவும் ஆட்கள் ஓரத்தில் நின்று பார்க்கும் போட்டியில், எதிர்பாராமல் நடந்துகொள்ளும் காரை விட ஆபத்தானது எதுவும் இல்லை. 2024 ஏப்ரலில் தியத்தலாவை பொக்ஸ் ஹில் போட்டியில் ஒரு கார் பாதையை விட்டு விலகி 7 பேர் உயிரிழந்தார்கள். அந்த விபத்தைப் புஷ்களோடு தொடர்புபடுத்தி நான் பேசவில்லை. ஓரத்தில் நிற்பவர்களின் உயிரும் நம் ஆயத்தத்தில் அடங்கியிருக்கிறது என்பதை நினைவில் வைக்கவே சொல்கிறேன்.

இப்போது என்ஜினைக் காரின் உடலோடு பிடித்து வைக்கும் மவுண்ட்கள். 130 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை தரும் என்ஜின், முதல் கியரும் இறுதிப் பற்சக்கரமும் சேர்ந்து ஏறத்தாழ 13 மடங்காக்கும்போது, முன் அச்சில் சுமார் 1,700 நியூட்டன் மீற்றராகிறது. குறுக்காகப் பொருத்தப்பட்ட முன்சக்கர இயக்கக் காரில் அதே அளவு எதிர்விசையை மவுண்ட்களே தாங்குகின்றன. மலையேற்றப் போட்டியில் நின்ற நிலையிலிருந்து ஏற்றத்தில் புறப்படுகிறீர்கள். எடை பின்னோக்கிப் போகிறது. முன் டயர் பிடித்து வழுக்கி மீண்டும் பிடிக்கிறது. மென்மையான மவுண்டில் என்ஜின் முன்னும் பின்னும் ஆடி அந்தத் துள்ளலை இன்னும் பெரிதாக்குகிறது. சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டும் அதன் முனையிலுள்ள சீவி ஜொயிண்ட்டும் உடைவது பெரும்பாலும் இப்படித்தான். மவுண்டின் நிலையை அறிய, சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கையும் கால் பிரேக்கையும் பிடித்து, முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளட்சைச் சற்றே விடும்போது என்ஜின் எவ்வளவு சாய்கிறது என்று பக்கத்தில் நின்று ஒருவர் பார்க்கட்டும். காரின் முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது.

இந்த எதிர்விசையின் பெரும் பகுதியை ஈகேயில் பின்புற மவுண்ட் வாங்குகிறது. அதை 70 அல்லது 75 கடினத்தன்மையுள்ள பொலியூரித்தேனுக்கு மாற்றி, இடப்பக்க, வலப்பக்க மவுண்ட்களைப் புதிய கம்பனி ரப்பராகப் போட்டால், ஆட்டம் வெகுவாகக் குறையும். அதிர்வும் தாங்கக்கூடியதாக இருக்கும். மூன்றையும் 95இல் போட்டவர்களின் கார் எங்களிடம் வந்திருக்கிறது. நான்கு சிலிண்டர் என்ஜின் 750 சுழற்சியில் நிற்கும்போது வினாடிக்கு 25 தடவை அதிர்கிறது. அந்த அதிர்வு முழுவதும் டேஷ்போர்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் வந்து, பிரெக்கட்டில் வெடிப்பு விழும் நிலைக்குக் கூடப் போகும். ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு மூடுபனியில் மெதுவாக ஊர்ந்து போகும் காலையில் அது ஓட்டுநரைக் களைப்படையச் செய்துவிடும். ஒன்றை மட்டும் திட இரும்பாக்கி மற்றவற்றைக் கிழிந்த ரப்பராக விடுவது அதைவிட மோசம், ஏனென்றால் விசை முழுவதும் அந்த ஒரே இடத்தில் குவியும். பணம் குறைவாக இருந்தால், கிழியாத பழைய மவுண்டின் இடைவெளிகளை முன் கண்ணாடி ஒட்டும் யூரித்தேன் பசையால் நிரப்பி, முழுவதும் இறுகும் வரை நாட்கணக்கில் விட்டுப் பயன்படுத்துவோரும் உண்டு. உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் சுத்தம் செய்திருந்தால் அது ஒரு போட்டிக் காலத்துக்குத் தாங்கும்.

கியர் லீவரைக் கியர்பொக்ஸோடு இணைக்கும் லிங்கேஜின் சின்ன புஷ்களை மறந்துவிடாதீர்கள். மேலே சொன்ன எல்லாவற்றையும் விட மலிவானவை அவைதான்; இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றும்போது லீவர் துல்லியமாக விழுவது அவற்றில்தான் தங்கியிருக்கிறது. உங்கள் நண்பருடைய நான்கு சக்கர இயக்கக் காரைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அவர் டிஃபரன்ஷியல் மவுண்ட்களையும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நடுப் பெயரிங்கையும் முதலில் பார்க்கட்டும்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் ஆர்ம்களை வாங்கி அப்படியே பொருத்தும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஜப்பானிலிருந்து வந்ததாக இருந்தாலும் அதிலுள்ள ரப்பர் பழையதுதான். ஆர்மை வாங்குங்கள், புஷ்ஷைப் புதிதாகப் போடுங்கள். லேத் பட்டறையில் நைலோன் உருளையைக் கடைந்து புஷ் செய்து தரச் சொல்வதும் உண்டு. நைலோன் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். நுவரெலியா, தலவாக்கலை மழைக்காலத்தில் அந்தப் பருமன் மாற்றமே புஷ்ஷை இறுகச் செய்யப் போதுமானது. கடைந்துதான் செய்ய வேண்டும் என்றால் ஈரத்தை அதிகம் உறிஞ்சாத அசிட்டல் பிளாஸ்டிக் உருளையைக் கேளுங்கள்.

பொருத்தும்போது பழைய ரப்பரை எரித்து எடுக்க விடாதீர்கள். புகை நஞ்சு, ஆர்மின் இரும்புக்கும் சூடு நல்லதல்ல. ஹைட்ரோலிக் பிரஸ் உள்ள கராஜில் கொடுங்கள். சில பொலியூரித்தேன் செட்களுக்குப் பழைய வெளி வளையம் அப்படியே இருக்க வேண்டும், சிலவற்றுக்கு அதை நீக்க வேண்டும் என்பதால், வெட்டுவதற்கு முன் செட்டோடு வரும் அறிவுறுத்தல் தாளைப் படியுங்கள். இந்த வேலையில் மிகவும் அலட்சியம் செய்யப்படுவது இறுக்கும் நிலைதான். கார் ஜேக்கில் தூக்கியிருக்க, ஆர்ம் கீழே தொங்கும் நிலையில் ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை இறுக்கினால், காரை இறக்கிய கணத்திலிருந்தே அந்த ரப்பர் முறுகிய நிலையில் வாழத் தொடங்குகிறது. சக்கரம் ஒவ்வொரு தடவை மேலே ஏறும்போதும் இன்னும் முறுகி, சீக்கிரமே கிழிகிறது. தரமில்லாத சாமான் என்று கடைக்காரரைத் திட்டுவதில் பாதி இதனால் வருவது. போல்ட்டைக் கையால் மட்டும் முடுக்கி, காரின் எடையைச் சக்கரத்திலோ, லோவர் ஆர்மின் கீழ் வைத்த தாங்கியிலோ இறக்கி, கார் வீதியில் நிற்கும் உயரத்துக்கு ஆர்மைக் கொண்டுவந்த பிறகே டோர்க் ரென்ச்சால் கடைசி இறுக்கத்தைக் கொடுங்கள். வழுக்கிச் சுழலும் பொலியூரித்தேனுக்கு இந்த விதி பொருந்தாது. தாங்கி இல்லாமல் ஜேக்கை மட்டும் நம்பிக் காரின் கீழ் போகாதீர்கள்.

எதையும் வாங்குவதற்கு முன் நீங்கள் ஓடப்போகும் பிரிவின் விதிகளைப் பெற்று, மவுண்ட்களையும் புஷ்களையும் மாற்ற அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். மஹகஸ்தோட்டை 1934 முதல் நடந்துவரும் போட்டி. பரிசோதகர்கள் வாகனத்தின் கீழேயும் பார்ப்பார்கள். முதலில் ரெக் மவுண்ட், லிங்கேஜ், பின்புற என்ஜின் மவுண்ட் மூன்றையும் மாற்றிச் சில வாரங்கள் சாதாரண வேகத்தில் ஓட்டிப் பழகுங்கள்; பிறகு லோவர் ஆர்மும் ட்ரெய்லிங் ஆர்மும் செய்யுங்கள். அப்படிச் செய்தால், எந்த மாற்றம் என்ன தந்தது என்பது உங்கள் கைக்குத் தெரியும். ரதெல்ல குறுக்கு வீதி போன்ற செங்குத்தான இறக்கங்களில் புதிய வேலையைச் சோதிக்க வேண்டாம். ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் அலைன்மண்ட் கட்டாயம், ஏனென்றால் ஒரு புஷ் மாறினாலே டோ, அதாவது சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு, மாறிவிடும். சுமார் 500 கிலோமீற்றர் ஓடிய பிறகு எல்லா போல்ட்களையும் மறுபடி டோர்க் ரென்ச்சால் பாருங்கள். போட்டிக்கு முந்தைய நாளும் ரெக் மவுண்ட் போல்ட்களையும் டை ரொட் எண்ட் நட்களையும் இன்னொரு தடவை பாருங்கள்.