ஹட்டியின் கால்பந்து – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியைச் சேர்ந்தவன் நான். படகர்கள் வாழும் ஊரை ஹட்டி என்போம். எங்கள் ஊரில் ஐம்பதுகளில் தொடங்கிய ஒரு கால்பந்துக் குழு இருக்கிறது. தாத்தா, அப்பா, நான் என்று மூன்று தலைமுறையாக அதில் ஆடியிருக்கிறோம். இப்போது ஊரில் தங்கும் பையன்கள் குறைந்துவிட்டார்கள். பொங்கலுக்கும் ஹெத்தையம்மன் பண்டிகைக்கும் எல்லோரும் வரும்போது மட்டும் ஆட்டம் நடக்கிறது.

குழுவின் வரலாற்றைச் சின்னப் புத்தகமாக எழுத ஆசை. கையில் இருப்பது ஒரு குரூப் போட்டோ, சில கோப்பைகள், அட்டை கிழிந்த வரவு செலவு நோட்டு. தொடங்கிய வருடத்தைக் கேட்டால் பெரியவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அதில் ஒருவர், "மாவட்டக் கோப்பையைக்கூட நாம் ஜெயித்ததில்லை, எழுத என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டார். அதன் பிறகு எழுத ஓடவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வாசகர், கோத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பெரியவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் சொன்னதை ஏற்க முடியவில்லை. கோப்பை ஜெயித்த குழுவின் பெயர் பேப்பரில் வந்துவிடும். ஜெயிக்காத குழு மூன்று தலைமுறை எப்படித் தாக்குப்பிடித்தது என்பதை அந்த ஊர்க்காரர் எழுதினால்தான் உண்டு. அவசியம் எழுதுங்கள்.

மைதானத்திலிருந்து தொடங்குங்கள். சமவெளியில் அறுவடை முடிந்த வயலில் நாலு கல்லை வைத்தால் ஆட்டம் தொடங்கிவிடும். நீலகிரியில் நூறு மீட்டர் நீளத்துக்குச் சமமான தரை தானாகக் கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் அதில் உருளைக்கிழங்கு போடலாம், கேரட் போடலாம், வீடு கட்டலாம். அப்படிப்பட்ட இடத்தைப் பையன்கள் பந்து உதைக்கட்டும் என்று ஓர் ஊர் விட்டுக்கொடுத்திருக்கிறது. அந்த முடிவை எடுத்தது யார்? எதிர்த்தது யார்? அதுவரை அங்கே மேய்ந்த மாடுகள் யாருடையவை? மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டிய கைகள் எவை? தாலுகா அலுவலகத்தில் 'அ' பதிவேட்டை, அதாவது ஊரின் நில விவரப் பதிவேட்டை, கேட்டுப் பாருங்கள். அந்தப் புல எண்ணுக்கு நேராகப் புறம்போக்கு என்றிருக்கிறதா, யாராவது பெயரில் பட்டா இருக்கிறதா என்று தெரிந்தாலே ஓர் அத்தியாயம் கிடைத்துவிடும். கற்பூர மரத்தில் போஸ்ட் நட்ட காலம் எதுவரை, கோலைத் தாண்டிய பந்து எத்தனை வரிசைத் தேயிலை தாண்டி உருளும், அதை எடுக்க இறங்கி ஓடியது யார் என்பதையும் விடாதீர்கள்.

வருடத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். "எந்த வருடம்?" என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று வராது. "எதற்கு முன்னால், எதற்குப் பின்னால்?" என்று கேளுங்கள். சீனப் போருக்கு முன்பா பின்பா? அது 1962. நம் மலையில் மழையும் ஒரு நாட்காட்டிதான். 1978, 79 மண்சரிவுகள், 1993 நவம்பரில் குன்னூர் மலைப்பாதையில் உள்ள மரப்பாலம், 2009 நவம்பரில் மலையின் பல இடங்கள். மைதானத்தின் கரை எந்த மழையில் சரிந்தது, திரும்பக் கட்டியது யார் என்று கேட்டால் வருடமும் வரும், பெயர்களும் வரும்.

அப்புறம் பட்டாளம். 1947 முதல் மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் குன்னூர் பக்கத்து வெலிங்டனில் இருக்கிறது. ஐம்பதுகளில் அந்த மையத்தின் கால்பந்து அணி இந்தியாவின் முன்னணி அணிகளில் ஒன்று. இந்தியாவின் மிகப் பழைய கால்பந்துப் போட்டியான டூராண்ட் கோப்பையை 1955ல் வென்றது, 1958ல் மறுபடியும் வென்றது. அந்த அணியில் ஆடியவர்தான் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்காரர், 1953ல் ராணுவத்தில் சேர்ந்தார். முதலில் சென்டர் ஃபார்வர்டாக ஆடி, பிறகு கோல்கீப்பர் ஆனார். 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் அணிகளில் இருந்தார். 1962ல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்ற அணியிலும் இருந்தார். கோத்தகிரியிலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் இது நடந்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

உங்கள் குழு தொடங்கியதும் அதே காலம் என்கிறீர்கள். அதற்காக இரண்டையும் முடிச்சுப் போட்டு எழுதிவிடாதீர்கள். சாட்சி வேண்டும். ஊருக்கு முதல் தோல் பந்தைக் கொண்டுவந்தது யார் என்று விசாரியுங்கள். லீவில் வந்த பட்டாளக்காரரா, அருவங்காடு கார்டைட் (வெடிமருந்து) ஃபேக்டரியில் ஷிப்ட் முடித்து வந்தவரா, பள்ளிக்கூட வாத்தியாரா? எந்தப் பதில் வந்தாலும் அது நல்ல பதில்தான்.

கோப்பைகளைவிடப் பெரிய சொத்து அந்த வரவு செலவு நோட்டு. பிளாடர் (பந்துக்குள் காற்றடைக்கும் ரப்பர் பை) வாங்கியது, பந்து தைத்த கூலி, லாரி வாடகை, டீ, பன் எல்லாம் அதில் இருக்கும். அந்தக் காலத்துத் தோல் பந்து மழையில் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும், தையலும் சீக்கிரம் விட்டுவிடும். பூட்ஸ் என்ற சொல் முதலில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று தேடுங்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கிலேயே நம் வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி, பிரான்சிடம் 2-1 என்று தோற்றார்கள். ஜனவரி உறைபனியில் வெறுங்காலோடு ஆடிய உங்கள் தாத்தா காலத்து ஆட்களுக்கு அது எப்படி இருந்தது என்று, இருப்பவர்களிடம் இப்போதே கேட்க வேண்டும்.

சந்தா வரவைப் பச்சைத் தேயிலை விலையோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். சோவியத் யூனியன் உடைந்தபின் பெரிய சந்தை ஒன்று கைவிட்டுப் போனது. தொண்ணூறுகளின் கடைசியில் இலை விலை விழுந்தது. சிறு விவசாயிகள் வீட்டுப் பையன்கள் கோயம்புத்தூர், திருப்பூர், பெங்களூர் என்று வேலை தேடி இறங்கினார்கள். உங்கள் நோட்டில் அந்த வருடங்களின் பக்கங்கள் வெறுமையாக இருந்தால் அதையும் எழுதுங்கள். பையன்களுக்கு ஆர்வம் போய்விட்டது என்று சொல்வது சுலபம். ஆர்வம் எங்கே போகும்? பதினொரு பேர் ஊரில் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று, ஆண்களிடம் மட்டும் கேட்டு முடித்துவிடாதீர்கள். ஒரே ஹட்டிக்காரர்கள் அண்ணன் தம்பி முறை, பெண் எடுப்பதும் கொடுப்பதும் வெளி ஹட்டியில். அப்படியானால் எதிரணியில் நிற்பவர் பெரும்பாலும் மாமன், மச்சான்தான். உங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் பிறந்த ஊர் ஜெயிக்க ஆசைப்பட்டார்களா, புகுந்த ஊரா? பாட்டிகளிடம் கேளுங்கள். எந்தப் பழைய வீரரும் சொல்லாத விஷயமெல்லாம் வரும்.

ஒரு சங்கடமான கேள்வியும் இருக்கிறது. இலங்கையின் மலையகத் தமிழர்கள் பற்றி இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் நம் மலையில் நிறைய. பக்கத்து எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுப் பையன்கள் உங்கள் குழுவில் ஆடினார்களா? ஆடியிருந்தால் பெயரோடு எழுதுங்கள். சேர்க்கவில்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஊரைப் புகழ மட்டும் எழுதும் புத்தகம் ஊருக்கே பயன்படாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தக் குரூப் போட்டோவைப் பிரதி எடுத்து, வயதில் மூத்தவரிடம் கொண்டுபோய் ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் கேட்டு எழுதிவிடுங்கள். பொங்கல் வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே செய்யுங்கள். நோட்டையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இரண்டு மூன்று பேரிடம் கொடுத்துவையுங்கள். மைதானத்தைப் பற்றிய அத்தியாயம் முடிந்ததும் அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்